மாமாவின் இடது பக்கம்

அந்த விளையாட்டுக்கு நாலு பேர் வேண்டும், காசு வேண்டாம். விண்வெளியில் ஒரு குடியிருப்புக்குள் ஆள் உயரப் பூச்சிகள் புகுந்துவிட்டன. நாலு வீரர்கள் சேர்ந்து உள்ளே போய், சுட்டுத் தள்ளிவிட்டு உயிரோடு வெளியே வர வேண்டும். நடப்பதையெல்லாம் கூரையில் ஒட்டிய பல்லிபோல மேலேயிருந்து பார்க்கலாம். யாருடைய முகமும் தெரியாது, மண்டைதான் தெரியும்.

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் தொழில். சரிசெய்தும் சொந்தக்காரர்கள் வாங்கிப்போக வராத நாலு கம்ப்யூட்டர்கள் கூடத்தில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவனும், மனைவியும், அவள் தங்கையும், அவர்கள் அப்பாவான மாமாவும் அவற்றின்முன் உட்கார்ந்து சுடுவார்கள்.

மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். இந்த வருஷக் கணக்கை மட்டும் அதில் சேர்க்கமாட்டார். ஒரு தூண் நடுவில் வந்தது, ஒரு சுவர் ஒதுங்கவில்லை, பக்கக் கண்ணாடியை எவனோ உடைத்துவிட்டு ஓடிவிட்டான். மூன்றும் வண்டியின் இடது பக்கம்.

விளையாட்டில் எப்போதும் முதலில் சாகிறவர் மாமாதான். செத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு மற்ற மூவருக்கும் யோசனை சொல்வார். அதற்குப் பூச்சியே தேவலை என்றிருக்கும்.

அவர் சாவுக்கு மரியாதைதான் காரணம் என்று மாப்பிள்ளை முதலில் நினைத்தான். மச்சினி அசந்து நின்றால் "சுடு" என்றால் தீர்ந்தது. மாமாவிடம் அப்படி முடியுமா? "மாமா, இடது பக்கம் ஒண்ணு வருது, கொஞ்சம் திரும்புனீங்கன்னா நல்லா இருக்கும்" என்று சொல்ல வேண்டும். வாக்கியம் முடிவதற்குள் பூச்சி மாமாவை முடித்துவிடும்.

ஆனால் வலது பக்கம் வருவதை அவர் யாரும் சொல்லாமலே தூரத்திலேயே சுட்டுவிடுகிறார் என்பது மெல்ல உறைத்தது. எதில் கோளாறு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது அவன் தொழில் வழக்கம். ஒரு ஞாயிறு மானிட்டரை மாற்றினான். மாமா இடது பக்கம் கடிபட்டுச் செத்தார். மறு ஞாயிறு மவுஸ். அதே சாவு. மூன்றாவது ஞாயிறு, வெளிச்சம் கூசுகிறது என்று சாக்குச் சொல்லி, மச்சினி இடத்தில் அவரையும் அவர் இடத்தில் மச்சினியையும் உட்காரவைத்தான். மச்சினி பிழைத்தாள், மாமா அங்கேயும் இடது பக்கம் கடிபட்டுச் செத்தார். மாற்றாமல் மிச்சம் இருந்தது மாமா மட்டும்தான்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த வேனில் பதினாலு பிள்ளைகள் ஏறும். தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து, மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"நீங்களே சொல்லிடுங்க," என்றாள். "நான் சொன்னா அழுதுருவேன். அப்புறம் நான் ஏன் அழுதேன்னுதான் பேச்சு ஓடும், வேன் ஓடிக்கிட்டே இருக்கும்."

"எப்படிச் சொல்றது?"

"மெதுவா, அவர் மனசு நோகாம."

கூடத்துக்குத் திரும்பி, மாமாவின் வலது பக்கம் உட்கார்ந்தான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. "மாமா, நீங்க கொஞ்ச நாள் ஓய்வா..." என்று ஆரம்பித்தான்.

"ஓய்வா? கதவு திறந்துடுச்சு மாப்பிள்ளை, சுடுங்க," என்றார் மாமா.

திறந்த கதவு வழியே மாமாவின் இடது பக்கமாக ஒரு பூச்சி ஊர்ந்து வந்தது. அவசரமே இல்லாத பூச்சி. மாமா அதைப் பார்க்கவில்லை. அது இருந்த இடத்தில் பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு பிள்ளைதான் மாப்பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது.

"திரும்பு," என்று கத்தினான். "இடது பக்கம் பாரு."

மாமா திரும்பினார். பூச்சியை அல்ல, மாப்பிள்ளையைப் பார்த்தார். பூச்சி தன் வேலையை முடித்துக்கொண்டது.

கல்யாணமாகி ஒன்பது வருஷமாகச் சேர்த்துவைத்த மரியாதை ஒரே மூச்சில் போய்விட்டது. இனிமேல் புதிதாகப் போக எதுவும் இல்லை.

"இடது பக்கம் உனக்குத் தெரியல," என்றான். "நாளைக்கு வேன் எடுக்காதே. பதினாலு பிள்ளைங்க இருக்கு."

மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மச்சினி மவுஸை விட்டுவிட்டாள். மற்ற மூன்று வீரர்களையும் பூச்சிகள் நிதானமாகத் தின்றன. யாரும் கவனிக்கவில்லை.

"ரெண்டு மாசமாவே தெரியல," என்றார் மாமா கடைசியில். "வேன் கதவு நசுங்குனதை ஒர்க்‌ஷாப்காரன் பாத்தான். பள்ளிக்கூடத்துல பாத்தாங்க. உங்க அத்தையும் பாத்தா. எல்லாரும் பாத்து ஓட்டுங்க, பாத்து ஓட்டுங்கன்னாங்க. எடுக்காதேன்னு ஒருத்தரும் சொல்லல. நானா நிறுத்த மனசு வரல."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பள்ளிக்கூட மேனேஜரைக் கூப்பிட்டார். நாளையிலிருந்து வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மறுமுனையில் காரணம் கேட்டிருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை எடுக்கக் கூடாதுன்னுட்டாரு," என்றார் மாமா. "அவர் பேச்சை நான் தட்டுறதில்ல."