ஆச்சு

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கிடங்குக்குள் மட்டும் விளக்குகள் பட்டப்பகலாய் எரிந்துகொண்டிருந்தன. வாயாடி அரிசி மூட்டையை இடுப்போடு அணைத்து இழுத்து வண்டியில் சரித்தாள். ஒரு மூச்சு விட்டாள். "ஆச்சு" என்றாள். வண்டி முனகிக்கொண்டு தானாக நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போனது. அவள் அதன் பின்னால் ஓடினாள். அட்டைத் தூசி மூக்கை அடைத்தது. பெட்டி விளிம்புகள் கீறிய முழங்கையில் வியர்வை இறங்கிக் காந்தியது.

"பதினோராம் வரிசை. கீழ்த்தட்டு. எண்ணெய் டின். ரெண்டு" என்றது காதுக்குள் இருந்த குரல்.

எடுத்து வைத்ததும் "ஆச்சு" சொல்ல வேண்டும். சொன்னால்தான் கணக்கில் ஏறும், வண்டியும் நகரும். கொஞ்சம் தாமதமானால் அந்தக் குரல் தேனொழுகக் கேட்கும்: "ஆச்சா?" பதில் வரும்வரை விடாது. பெண்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். "வீட்டு மாமியாராவது மத்தியானம் கொஞ்சம் கண்ணசருவா. இவ அசர மாட்டா" என்பாள் டேப்பு அக்கா. அவள் முன்பு பொட்டலம் கட்டுகிற பகுதியில் இருந்தவள். கட்டுவதற்கு இயந்திரம் வந்ததும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். கையில் டேப்பு ஒட்டிக்கொண்டு திரிந்த காலத்துப் பட்டப்பெயர் மட்டும் இன்னும் உரியவில்லை.

ஊருக்கு இப்போது எல்லாம் உட்கார்ந்த இடத்தில் வேண்டும். போனில் விரலை வைத்தால் அடுப்பில் பால் பொங்குவதற்குள் சர்க்கரை வாசலில் நிற்க வேண்டும். நிற்கிறது. யார் ஓடியதால் நிற்கிறது என்று கேட்பதற்குத்தான் அந்தப் போனில் பொத்தான் இல்லை. தானாக ஓடும் வண்டி வந்தபோது, இனித் தள்ள வேண்டாம் என்று இவர்கள் பாவம் சந்தோஷப்பட்டார்கள். வந்த கையோடு கூலி குறைந்தது. "வண்டிதானே சுமக்குது? நீங்க சும்மா கூட நடக்கறீங்க" என்றார் மேனேஜர். சும்மா நடக்கிறார்களாம்! வண்டி நடந்தால் இவர்கள் ஓட வேண்டியிருந்தது.

முதலில் "சரி" என்பதுதான் சொல்லாக இருந்தது. "சரி" சொல்லாமல் நம்மால் ஒரு பேச்சை முடிக்க முடியுமா? வண்டிகள் கண்டபடி ஓடின. அப்புறம் "ஆச்சு" என்று மாற்றினார்கள். அதிலும் கோளாறு. "மணி என்னாச்சு?" என்று யாராவது கேட்டால் போதும், வண்டி கிளம்பிவிடும். தலையில் மாட்டும் ஒரே ஹெட்செட்டை, இவர்கள் சொல்லும் செட்டை, எல்லா ஷிப்ட் ஆட்களும் மாறி மாறி மாட்டிக்கொள்வதால் யார் குரல் என்றும் அது பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்டுக்கொள்ளும். இவர்கள் போய் முறையிட்டார்கள். வேலை நேரத்தில் பேசக்கூடாது என்று ஒரு விதி வந்தது. கோளாறு அப்படியே இருந்தது.

பேச்சே மூச்சாக இருக்கிறவள் வாயாடி. பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. அதிலும் பக்கத்திலேயே அவள் நாத்தனார் வேலை செய்கிறாள். கணவனின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். வாயாடிதான் அவளைக் கையோடு கூட்டிவந்து இங்கே சேர்த்துவிட்டாள். கணவன் பைக்கில் வீடு வீடாகப் பொருள் கொடுக்கிறவன். அவனுக்கு வருவது பெட்ரோலுக்கே சரியாய்ப் போனது. வீடு இந்தப் பெண்கள் இருவரின் கால்களில்தான் நின்றது.

அன்றைக்குப் பெரிய தள்ளுபடி விற்பனை. முன்னால் ஆள் இருந்தால் வண்டி தானாக நிற்பதற்காக அதன் நெற்றியில் ஒரு கண் வைத்திருப்பார்கள். அடிக்கடி நின்று நேரத்தைத் தின்கிறது என்று விற்பனை தொடங்கியபோதே அந்தக் கண்ணை அணைத்துவிட்டார்கள். சின்னவள் கீழ்த்தட்டில் குனிந்து சோப்புப் பெட்டியை இழுத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. "அம்மா!" என்று காலை நீட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயாடியின் வண்டி, அரிசியும் எண்ணெயுமாய், அவள் கால்மாட்டில் நின்றிருந்தது.

"ஏய், என்னாச்சு?" என்றாள் வாயாடி.

வண்டி நகர்ந்தது. சின்னவளின் பாதத்தில் ஏறி, அதை இரும்புத் தூணோடு வைத்து அழுத்தியது. அவள் அலறினாள். "ஐயோ, என்னாச்சு? கண்ணு, என்னாச்சு?" ஒவ்வொரு தடவை கேட்டபோதும் வண்டி இன்னும் ஒரு முட்டு முட்டியது. நாலா பக்கமிருந்தும் "என்னாச்சு, என்னாச்சு" என்று ஓடிவந்தார்கள். நாலா பக்கமும் வண்டிகள் கிளம்பின. டேப்பு அக்காதான் பாய்ந்து வந்து வாயாடியின் தலையிலிருந்து செட்டைப் பிடுங்கி எறிந்தாள். "வாயை மூடுடீ! உன் வாய்தான்டீ அதை ஓட்டுது!"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆண்கள் வண்டியைப் பின்னால் இழுத்தார்கள். வாயாடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மேனேஜரின் அறை சில்லென்று இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பதிவைக் கேட்டாச்சு. உன் குரல்தான். 'ஆச்சு'ன்னு நீதான் சொல்லியிருக்க. ஒரு தடவை இல்ல, பல தடவை."

"நான் 'என்னாச்சு'ன்னு கேட்டேன் சார்."

"மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "பேசக்கூடாதுன்னு விதி இருக்கு. எதுவா இருந்தாலும் கையைத் தூக்கணும். சூப்பர்வைசர் வருவார்."

"அவ வலியில கத்தறா. நான் கையைத் தூக்கிட்டு நிக்கணுமா?"

"இங்க பாரும்மா. நீ எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்ட் ஆளு. நான் ஏதோ மனுஷத்தன்மையோட பேசறேன். வேலை நேரத்துல விளையாட்டா பேசினதால நடந்துபோச்சுன்னு நாளைக்குக் காலையில வந்து ஒரு கையெழுத்துப் போடு. ஆஸ்பத்திரிக்கு ஏதாவது பார்க்கலாம். போடலன்னா உனக்கும் வேலை இல்ல, அவளுக்கும் ஒண்ணும் இல்ல."

விளையாட்டா! ஆனால் என்ன சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாக வாயாடிக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவன் சுவரில் சாய்ந்து நின்றான். கையில் ஹெல்மெட். "விரலைக் காப்பாத்தறது கஷ்டமாம்" என்றான். அவன் தன்னைத் திட்டினால் தேவலை என்று வாயாடி நினைத்தாள். அவன் திட்டவில்லை.

சின்னவள் மருந்து மயக்கத்தில் கண்ணைத் திறந்தாள். "அண்ணி, என் வண்டியில பாதி சாமான் அப்படியே இருந்துச்சே. யாரு முடிச்சா?"

"அது கிடக்கட்டும் விடு."

"அண்ணன் எல்லாம் சொன்னாரு. கையெழுத்துப் போட்டுடு அண்ணி. வேற வழி ஏது? நான் இனிமே எங்க ஓடப் போறேன்? நீயாவது ஓடணுமில்ல?"

வாயாடி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். இந்தப் பெண்ணின் காலை நசுக்கியது தன் வண்டியும் இல்லை, தன் அலட்சியமும் இல்லை, தன் பாசம்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? போட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தாள். போடாமல் என்ன செய்ய முடியும்? ஒற்றை ஆள். கேட்டுக்கு வெளியே இந்த வேலைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்!

ஷிப்ட் முடிந்ததும் டேப்பு அக்கா வந்தாள். பின்னாலேயே, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனும் இன்னும் சிலரும். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் டேப்பு அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"விளையாட்டா பேசினியாமா? அப்போ நானும்தான் விளையாடினேன். நானும்தான் 'என்னாச்சு'ன்னு கத்தினேன், என் வண்டியும்தான் ஓடிச்சு. முன்னால ஆள் இல்லாததால தப்பிச்சேன். நீ இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எவ காலு போனாலும் எவளோ ஒருத்தி போடணும்."

"போடலன்னா என்னக்கா பண்றது? அவனுங்க யானை மாதிரி, நாம என்ன பண்ண முடியும்?"

"தெரியல" என்றாள் டேப்பு அக்கா. உண்மையிலேயே தெரியவில்லை. எல்லோரும் வராந்தாத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்தா?"

"எந்த வார்த்தை?"

"ஆச்சுங்கறது. நாம சொன்னாத்தானே வண்டி நகரும்."

டேப்பு அக்கா வாயாடியைப் பார்த்தாள். "வாயை மூடிட்டு இருக்கணும்டீ. உன்னால முடியுமா?" அந்த நிலையிலும் யாரோ சிரித்துவிட்டார்கள். வாயாடி அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் விடியலில் எல்லோரும் வந்தார்கள். செட்டை மாட்டினார்கள், வரிசைக்குப் போனார்கள், சொன்ன பொருளை எடுத்து வண்டியில் வைத்தார்கள். அப்படியே நின்றார்கள். வாயாடி கையெழுத்துப் போடவில்லை, அதனால் அவளுக்குச் செட்டு இல்லை. வெறுந்தலையோடு வந்து டேப்பு அக்காவின் பக்கத்தில் நின்றாள். இத்தனை பேர் குடும்பமும் தன்னால் தெருவுக்கு வந்துவிடுமோ என்று பயந்தாள்.

"ஆச்சா?" என்றது மாமியார் எல்லோர் காதிலும். "ஆச்சா?"

ஒரு வண்டியும் நகரவில்லை. வெளியே பைக்குகள் வரிசையாக ஹாரன் அடித்தன. அந்த வரிசையில் அவள் கணவனும் நின்றிருப்பான். சூப்பர்வைசர் வந்து கத்திவிட்டுப் போனார். பிறகு மேனேஜரே இறங்கி வேகமாக வந்தார். நெற்றிக் கண் இன்னும் அணைந்தே கிடந்த டேப்பு அக்காவின் வண்டியைச் சுற்றி வந்து, தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து கத்தினார்.

"உங்களுக்கெல்லாம் என்னாச்சு?"

வண்டி நகர்ந்தது.

அவர் துள்ளிப் பின்னால் சாய்ந்தார். முதுகு தூணில் மோதியது. பளபளப்பான ஷூவின் நுனியில் சக்கரம் ஏறி நின்றது. அவர் முகம் வெளிறிப்போனது. கீழே பார்த்தார், மேலே பார்த்தார். மூச்சு விடக்கூடப் பயந்தார்.

வாயாடிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யார் விழுந்தாலும் கேட்டுப் பழகிய நாக்கு. எதிரி விழுந்தாலும் கேட்கும். கேட்டால் அடுத்த முட்டு. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். வரிசை முழுக்க எல்லோரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

டேப்பு அக்கா மெல்லச் செட்டைக் கழற்றி, பேச்சு எட்டாத தூரத்தில் தரையில் வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் வைத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரன் வந்து வண்டியை நெம்பிப் பின்னால் இழுத்தான். மேனேஜர் காலை உதறிப் பார்த்துக்கொண்டார். விரல் தப்பியிருந்தது.

வாயாடி கையை எடுத்தாள். "என்னாச்சு சார்?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்னாச்சு சார்?" என்றாள் டேப்பு அக்கா. பின்னாலிருந்தும் குரல்கள் வந்தன. "என்னாச்சு?" "சொல்லுங்க சார், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். "எல்லாரும் வேலையைப் பாருங்க. இல்லன்னா ஒருத்தர் கேட் கார்டும் நாளைக்கு வேலை செய்யாது." போனை எடுத்துக் காதில் வைத்தபடி லேசாக நொண்டிக்கொண்டு படியேறினார். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. வாசலில் காவலாளிகள் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. கால் வலித்தவர்கள் முதலில் உட்கார்ந்தார்கள், பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தத் தரையில் அவர்கள் உட்கார்ந்ததே இல்லை.

தரையில் கிடந்த செட்டுகளுக்குள்ளிருந்து மாமியார் இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தாள், சின்னச் சின்னக் குரலில், ஒன்றன்பின் ஒன்றாக. "ஆச்சா? ஆச்சா?"

வாயாடி ஒரு செட்டைக் கையில் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"இல்ல அத்தே" என்றாள். "இன்னும் ஆகல."