பதினொரு அடுக்கு

மெசினுக்குப் பக்கத்தில் நிற்பவர் கையை எங்கே வைப்பார் என்று யோசிக்காமல் வெட்டுப்பாதை போடக்கூடாது. இதை எனக்கு எந்தப் படிப்பும் சொல்லித் தரவில்லை. என் அப்பா மரம் அரியும் மரக்காலையில் வாளடியில் நின்றவர். அவரையும் சேர்த்து அங்கே நின்ற ஐந்து பேருக்கு நாற்பத்தொரு விரல்கள்தான் இருந்தன.

கொழும்புத்துறையில் ஐசாக் அண்ணையின் பட்டறையில் எனக்குக் கணினி வேலை. மேசையின் காலும் பலகையும் எட்டடிக்கு நாலடி பிளைவூட் சீற்றில் எப்படி அடங்கும் என்று வரைவேன். கணினி சொல்கிறபடி தானாக ஓடும் வெட்டு மெசினின் கட்டர் எங்கே இறங்கி, எந்தக் கோட்டில் ஓடி, எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பாதை போடுவேன். சுபாஸ்கரன் அண்ணை சீற்றை மெசினில் ஏற்றி, விளிம்பில் ஸ்குரூ அடித்து, ஓட விடுவார். துண்டுகள் முழுதாக அறுந்துவிடாமல் ஒவ்வொன்றிலும் நாலு இடத்தில் விரல் அகலத்துக்கு வெட்டாமல் விடுவேன். அதைப் பாலம் என்போம். பாலம் இருந்தால் துண்டு அசையாது. ஆனால் பிறகு உளியால் தட்டிப் பிரித்து, தட்டிய இடத்தைத் தேய்த்து மினுக்க வேண்டும்.

பக்கத்தில் திருநெல்வேலியில் புதிதாகத் திறக்கிற ரியூட்டரி ஒன்றுக்கு, பொடியள் ரியூசன் படிக்கிற இடத்துக்கு, முப்பது மேசை. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் பால் காய்ச்ச நேரம் வைத்தாயிற்று. நேரத்தை மாற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை ஐசாக் அண்ணை என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, உந்தப் பாலங்களை எடுத்துவிடு. மினுக்கவே மூண்டு நாள் போகும். பால் பொங்கேக்கை பொடியள் நிலத்திலையே இருக்கிறது?"

"எடுத்தால் துண்டு எழும்பும் அண்ணை. கட்டர் பிடிச்சுதெண்டால் எறியும்."

"சுபாஸ் நிக்கிறான்தானே. அமத்திப் பிடிப்பான்."

அதுதான் என் பயம். கடற்கரை ஈரத்துக்கு எங்கள் சீற்றுகள் நடுவில் வளைந்து நிற்கும். விளிம்பில் ஸ்குரூ இருந்தாலும் நடுப்பகுதி எழும்பி அதிரும். சுபாஸ்கரன் அண்ணை அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அமத்துவார். ஓடுகிற கட்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஏசினால் சிரிப்பார்.

"இது பதினேழு வருசமா என்னோடை வேலைக்கு வாற கை, தங்கச்சி. எங்கை நிக்கோணும் எண்டு அதுக்குத் தெரியும்."

அன்றைக்கு அவரும் முதலாளியின் பக்கம்தான். "எடுத்துவிடு தங்கச்சி. உளி தட்டித் தட்டி மணிக்கட்டு வீங்கிப்போச்சு. எண்ணெய் போடேக்கை மனுசி சாருஜா கேக்கிறாள், மெசின் உங்களுக்கு வேலை செய்யுதோ, நீங்கள் மெசினுக்கு வேலை செய்யிறியளோ எண்டு."

கைக்குச் சொந்தக்காரரே கேட்கும்போது எப்படி மறுப்பது? மறுத்திருக்க வேண்டும்.

நான் நடுவழி ஒன்று பிடித்தேன். அடுக்கியிருந்த பதினாலு சீற்றில் மேலே இருந்த பதின்மூன்றையும் வேர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். கடைசிச் சீற் சுவரோடு ஒட்டி அடியில் கிடந்தது. அதே கட்டில் வந்ததுதானே என்று விட்டுவிட்டேன். எல்லாம் பதினேழு தசம் இரண்டு மில்லிமீற்றர். எங்கள் ஊர்க் கடைகளில் பதினைந்து மில்லியும் முக்கால் இஞ்சிதான், பதினெட்டும் முக்கால்தான். வேர்னியருக்குத்தான் வித்தியாசம் தெரியும். பாலங்களை எடுத்துவிட்டு, வெட்டும் ஆழத்தைப் பதினாறு தசம் எட்டு என்று போட்டேன். அடியில் தடித்த தாள் கனத்துக்கு ஒரு தோல் மிஞ்சும். துண்டை அது பிடித்துக்கொள்ளும். கத்தியால் ஒரு கீறல் கீறினால் பிரிந்துவிடும். மினுக்கல் இல்லை.

"உந்தக் கணக்கு இந்தச் சீற்றுகளுக்கு மட்டும்தான்," என்று இருவருக்கும் சொன்னேன். "வேறை சீற் வந்தால் எனக்குச் சொல்லோணும்."

"ஓம், ஓம்."

இரண்டு நாள் ஒரு பிழையும் இல்லை. புதன்கிழமை பார்த்தேன், சுபாஸ்கரன் அண்ணையின் கை ஒரு சாணிலிருந்து நாலு விரல் தூரத்துக்கு வந்திருந்தது. வெட்டுப்படுகிற துண்டின் மேலேயே வைத்திருந்தார்.

"கையை எடுங்கோ அண்ணை!"

"தோல் பிடிச்சுக்கொண்டு இருக்குது தங்கச்சி. நீ போட்ட கணக்கை நீயே நம்பேல்லையோ?"

துண்டு உண்மையாகவே அசையவில்லை. அவருக்கு அந்தத் துணிவைக் கொடுத்தது என் கணக்கு.

வியாழன் காலை நான் திருநெல்வேலிக்குப் போனேன். ரியூட்டரி மண்டபத்தில் மேசை வைக்கும் இடங்களைச் சோக்கால் குறித்துக்கொண்டிருந்தபோது கைபேசிக்குச் சுபாஸ்கரன் அண்ணையிடமிருந்து படம் ஒன்று வந்தது. மெசினில் ஏற்றிய சீற். கீழே, "கடைசிச் சீற். முடிச்சிட்டு மேசையளை ஏத்துறம்."

படத்தில் சீற்றின் விளிம்பு நன்றாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் சீற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய மரத்தகடு பதின்மூன்று அடுக்கு. இதில் பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான். அடுக்குக் குறைந்தால் கனமும் குறைவு.

சுபாஸ்கரன் அண்ணைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மெசின் ஓடினால் அவருக்கு மணி கேட்காது. ஐசாக் அண்ணைக்கு அடித்தேன்.

"அடியிலை கிடந்த சீற் ஈரத்திலை உப்பிப்போச்சு பிள்ளை. விடிய சாவகச்சேரியிலை ஒண்டு எடுத்துக் குடுத்தனான். இப்ப மேசைக்கு ஆணி வாங்க வந்து நிக்கிறன்."

"எத்தினை மில்லி?"

"முக்கால்தான்."

"வேர்னியர் வைச்சுப் பாத்தியளோ?"

"கடைக்காரன் முக்கால் எண்டவன். ஏன் பிள்ளை கத்துறாய்?"

சோக்கைப் போட்டுவிட்டு றோட்டுக்கு ஓடினேன். பஸ்சுக்கு நிற்க நேரமில்லை, ஓட்டோ பிடித்தேன். வழி முழுக்க அவருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சீற் பதினாறு மில்லிக்கு மேலே இராது. என் பாதை பதினாறு தசம் எட்டுக்குப் போகும். தோல் மிஞ்சாது. கட்டர் சுற்றி வந்து முடிக்கிற இடத்தில் துண்டு முழுதாக விடுபடும். அதன் மேல் அவருடைய கை இருக்கும்.

ஒழுங்கைக்குள் திரும்பியபோது மெசின் ஓடும் சத்தம் கேட்டது. சீரான சத்தம். ஓட்டோக்காரனை நிற்கச் சொல்லிவிட்டு, கடவுளே, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

மெசினடியில் யாரும் இல்லை. கட்டர் நான் போட்ட கோட்டில் மயிரளவும் பிசகாமல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கால் துண்டு ஒன்று பிய்ந்து சுவரோரம் கிடந்தது. சீற்றின் நடுவில் மரத்தூள் சிவப்பாகக் கட்டிபட்டிருந்தது.

சீற் அடுக்கு இருந்த மூலையில் சுபாஸ்கரன் அண்ணை நிலத்தில் குந்தியிருந்தார். வலது கையை உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் சுற்றி மடியில் அமத்தியிருந்தார். முகத்தில் நிறமே இல்லை. நான் மெசினை நிறுத்தும் சிவப்புக் குமிழை நோக்கி ஓடினேன்.

"நிப்பாட்டாதை தங்கச்சி," என்றார். "இன்னும் ரெண்டு துண்டுதான் கிடக்கு."

குமிழை அடித்தேன்.

அதே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் போய்விட்டன. நடுவிரலைப் பிறகுதான் சொல்லலாம் என்றார்கள். சாருஜா வந்தா. அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலடியில் இருந்தா.

பின்னேரம் நான் பட்டறைக்குத் திரும்பியபோது ஐசாக் அண்ணை சீற்றைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார்.

"மிச்சம் ரெண்டு துண்டுக்கும் பாலம் வைச்சுத் தா பிள்ளை. நானே வெட்டுறன். விடிய ஆறரைக்குப் பால்."

கணினியைத் திறந்தேன். ஆனால் முதலில் சீற்றுக்கு வேர்னியர் வைத்தேன். பதினைந்து தசம் எட்டு. ஒரு துண்டுக்கு நாலாக, எட்டுப் பாலம்.

வைத்து முடிக்க நாலு நிமிடம்தான் எடுத்தது.