சாப்பிட்டீங்களா என்று கேட்ட சாம்பல்

சாம்பல் சாரின் குடுவை முதன்முதலாகப் பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. "சாப்பிட்டீங்களா?" என்று அவர் மனைவியின் குரலில் கேட்டது. அவரும் பழக்கதோஷத்தில் "சாப்பிட்டேன்" என்றார். நாலு மணி நேரம் கொதிக்க வேண்டிய எண்ணெய் பதினோரு நிமிடத்தில் வாசனைத் திரவியமாகிவிட்டது.

அவர் வாசனைத் தொழிற்சாலையின் வேதியியலாளர். வீணாகும் உணவை உலையில் எரித்து, அந்தச் சாம்பலை அமிலத்துக்குப் பதில் வினையூக்கியாக்கப் பல மாதங்களாக முயன்றுகொண்டிருந்தார்; அதனால்தான் 'சாம்பல் சார்' என்ற பெயர். முந்தைய நாள் மேலாளர் கொடுத்த விருந்தில் வயிறு நிறைந்துவிட, மனைவி கட்டித் தந்த சாப்பாடு அப்படியே இருந்தது. அதை உலையில் கொட்டினார். டப்பாவைக் கழுவி எடுத்துப்போய், "நல்லா இருந்துச்சு, உப்பெல்லாம் சரியா இருந்துச்சு" என்றார். அதுவரை ஒரு கரண்டிகூடக் கழுவியறியாத மனிதர்.

மறுநாள் குடுவையில் பேசியது அந்தச் சாம்பல்தான். பிறகு முட்டை ஓடு, பழத்தோல், கேண்டீன் மிச்சம் எல்லாவற்றையும் எரித்துப் பார்த்தார். எல்லாம் ஊமைச் சாம்பல். மனைவியின் சாப்பாட்டிலேயே ஒரு வாய் தின்றுவிட்டு எரித்தபோதும் அது பேசவில்லை. உற்பத்தி பெருகப் பெருகச் சாம்பலும் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆகவே ஆறு வருடம் அவர் மனைவி விடியுமுன் எழுந்து சமைத்தார், அவர் அதை முழுசாக உலைக்குக் கொடுத்துவிட்டு ரொட்டி தின்றார். அமிலக் கழிவு நின்றதால் கால்வாயில் மீன்கள் திரும்பின. குடுவை கேட்கும்போது வேலையாட்கள் "ஆச்சும்மா" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அவருக்குத்தான் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. பொய் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார்.

இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்குப் பரிசு கிடைத்த வருடம் மனைவியையும் தொழிற்சாலைக்கு அழைத்தார்கள். மூன்று மணிக்குக் குடுவை கேட்டது. அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்களேன், எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் மனைவி. தன் குரலை வெளியே கேட்டதில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"சாப்பிடலை" என்றார் சாம்பல் சார். ஆறு வருடத்துக்கும் சேர்த்துச் சொன்னார், அழுதுகொண்டே.

"தெரியும். நீங்க டப்பா கழுவினப்பவே சந்தேகம் வந்துச்சு. மூணாவது மாசத்துலேர்ந்து நான் உப்பே போடலை. நீங்களும் தினம் வந்து உப்பு சரியா இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிடாதவரை என்ன செய்வது என்று எவரும் சொல்லிவைக்கவில்லை. அன்று எண்ணெய் அசையாமல் கிடந்தது. மறுநாளிலிருந்து அவர் சாப்பிடத் தொடங்கினார். வினையூக்கி வேலை முடிந்தாலும் தீராது என்பதால் பழைய சாம்பல் இன்றும் மூன்று மணிக்குக் கேட்கிறது. அவர் "சாப்பிட்டேன்" என்கிறார். மெய்யான பதிலுக்கு நாலு மணி நேரமாகிறது. தொழிற்சாலையில் நேர அட்டவணையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

சாப்பாட்டில் இன்னும் உப்பு இல்லை. கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றுவிட்டு, டப்பாவைக் கழுவாமல் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்.