முதல் அப்லோட் தலைவருக்கே

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் திருவிழா என்றால் முதல் மாலை புவனேசனுக்கு. அன்னதானம் என்றால் முதல் இலை புவனேசனுக்கு. புதுக் குழாய் போட்டால் முதல் மடக்குத் தண்ணீரும் அவர் தொண்டையில்தான் இறங்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினெட்டு வருஷமாக அவரே தலைவர். தலைமயிரில் மை நிற்கிற வரைக்கும் அவரே தலைவர் என்று ஊரில் பேச்சு.

இப்போது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடிக்கப் போகிறார்கள். குடியிருந்தவர்களுக்குப் புது வீடு உண்டு. வேறு வீடு உள்ளவர்களுக்குக் கிடையாது. ஐசி என்கிற அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். அதற்கு ஒரு வெப்சைட் செய்து தரச் சொல்லி விமலாவைக் கேட்டார்கள். அந்த லயத்தில் பிறந்தவள், ரவாங்கில் ஒரு கம்பெனியில் அவளுக்கு இதுதான் வேலை.

அவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது, கண்ணுகளா. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் வரவேண்டிய இடம் காலி. அம்மா அன்னம்மா ஊருக்குச் சொல்லி வைத்திருந்தது வேறு: கோலா குபு பாருவில் லோரி ஓட்டினார், விபத்தில் போய்விட்டார். இல்லாத அந்த மனிதருக்கு முப்பது வருஷமாக அன்னம்மா படையல் கூடப் போட்டு வருகிறாள்.

"அந்தக் காயிதத்த லயத்துல ஒருத்தர் பாத்தாலும் எனக்கு வீடே வேணாம்டி. பாலத்துக்கு அடியில படுத்துக்கிறேன்."

"வீட்டு இலாகா அதிகாரியத் தவிர யாரும் பாக்க மாட்டாங்கம்மா. நான் பூட்டி வைக்கிறேன்."

கமிட்டிக் கூட்டத்தில் விமலா பொறுமையாக விளக்கினாள். காகிதங்கள் சங்கத்துக் கம்ப்யூட்டருக்கு வராது. நேராக கிளவுட்டில் உள்ள பூட்டிய கிடங்குக்குப் போகும். அதன் சாவி செர்வரை விட்டு வெளியே வராது. ஆளுக்கு ஒரு லிங்க், பத்து நிமிஷம்தான் உயிர். அதை வைத்து ஒரு காகிதம் போடலாம். அடுத்தவர் போட்டதைப் பார்க்க முடியாது.

"கோயில் உண்டியல் மாதிரி தலைவரே. போடத்தான் முடியும், எடுக்க முடியாது."

"உண்டியல் சாவி எங்கிட்டதானேலா இருக்கு!" என்றார் புவனேசன். "ஒளிவுமறைவே கூடாது. ஒருத்தர் போடுறத எல்லாரும் பாக்கணும். மண்டபத்துல பெரிய திரை கட்டி ஓட்டுவோம்."

செயலாளர் ஐயாவு நாற்காலி நுனிக்கு வந்தார். "சாவிய பேனர்லயே போட்டுருவோம் தலைவரே. உங்க படத்துக்குக் கீழ."

"பெரிய எழுத்துல போடு."

"ஐசி வெளியில போனா, அத வச்சு எவனாச்சும் கடன் வாங்கிருவான் தலைவரே" என்றாள் விமலா.

"நம்ம லயத்துக்காரன் ஐசிக்கு எவன்லா கடன் குடுப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏழு கை உயர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது.

விமலா தீர்மானத்தைப் பார்த்தாள், விண்ணப்பப் பட்டியலையும் பார்த்தாள். பட்டியலில் முதல் பெயர் புவனேசன். செகிஞ்சான் பக்கம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றில் அவருக்கு மாடி வீடு இருப்பதாக அரசல்புரசலாகப் பேச்சுண்டு. கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

"சரி தலைவரே, திறந்தே வைக்கிறேன்" என்றாள். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? முதல் அப்லோட் நீங்கதான்."

புவனேசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விமலா இரண்டு கிடங்கு செய்தாள். பூட்டியது ஊருக்கு. திறந்தது ஒரே ஓர் ஆளுக்கு. சாவியை மட்டும் பேனர்காரருக்குக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. பேனரில் முருகனைவிடத் தலைவர் ஒரு முழம் உயரம். லேப்டாப்புக்குத் தேங்காய் உடைத்தார்கள். புவனேசன் மாலையோடு வந்து ஐசியைப் படம் பிடித்தார்.

"இன்னொரு தடவ யோசிச்சுக்குங்க. திரையில எல்லாம் தெரியும்" என்றாள் விமலா.

"எனக்கு ஒளிக்க என்ன இருக்கு?" என்று அமுக்கினார்.

சுவர் அளவுக்கு ஐசி எழுந்து நின்றது. முன்வரிசைச் சன்னாசி கண்ணாடியைத் தூக்கிவிட்டு எழுத்துக்கூட்டினார். "தாமான்... செகிஞ்சான்... தலைவரே, இது எந்த லயம்?"

பின்னாலிருந்து கங்கா கத்தினாள். "நம்பரப் பாருங்கடி! மொத ரெண்டு எண்ணுதான் பொறந்த வருசம், அம்பத்தேழு. அறுபது தாண்டி ஏழெட்டு வருசமாச்சு. போன வருசந்தான அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, மொய் வேற வச்சோம்!"

"மூடு! மூடுலா!" புவனேசன் ஓடிப்போய்த் திரையை மறைத்தார். முகவரி முழுசும் அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"மூடுறேன் தலைவரே. ஆனா கமிட்டி தீர்மானம் இருக்கே?"

"தீர்மானத்த மாத்து! தனி மனுசன் காயிதத்த ஊரு பாக்கலாமா? நாகரிகம் வேணாம்?"

ஏழு கை உயர்ந்தது. அதற்கு மேல் ஐயாவு தன் மறு கையையும் தூக்கினார். எண்ணும்போது ஒன்றைக் கழித்தார்கள். விமலா அந்தப் படத்தை அழித்தாள். திறந்த கிடங்கையும் அழித்தாள். தனக்கு வரவேண்டிய புது வீட்டைத் தோட்ட மக்களுக்காக விட்டுக்கொடுப்பதாகத் தலைவர் அங்கேயே அறிவித்தார். மறுவாரமே 'தியாகச் செம்மல்' என்று புதுப் பேனர் ஏறியது. கை தட்டியவர்களும் உண்டு. நம் ஜனங்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே, கூட்டம் இன்னும் கலையாதபோது, கடைசி வரிசையில் அன்னம்மாவின் போனுக்கு லிங்க் வந்தது. சேலை மறைப்பில் அந்தக் காகிதத்தைப் படம் பிடித்தாள். பொத்தான் இரண்டாம் தடவைதான் சரியாக அழுந்தியது.

"போயிருச்சாடி?"

"போயிருச்சு."

"யாரும் பாத்தாங்களா?"

"திரையப் பாரும்மா."

திரையில் பெயரில்லை, முகமில்லை. 'வந்து சேர்ந்தவை: 1' என்று மட்டும் இருந்தது. அன்னம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புது வீட்டுலயும் அந்த லோரிக்காரருக்குப் படையல் போட்டுருவோம்டி" என்றாள். "பாவம், முப்பது வருசமா நமக்காக உழைச்சிருக்காரு."