பிணம் முகம் துடைத்த இடம்

“வரலைன்னா வரல, விட்டுடு—”

“டிக்கெட் எல்லாம் வித்துப் போச்சாம், உங்களத்தான்—”

“சிரிக்கிறதுக்குத்தானே கூப்பிடுறாங்க!”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. இத்தனை வருஷமா ஒரு நாதி திரும்பிப் பாக்கலையே, அது மட்டும் நல்லா இருந்துச்சா?”

சொல்லிவிட்டு அவள் கணவருடைய வெள்ளைச் சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்த்தே தேய்ந்த விரல்கள். யார் சட்டையைக் கண்டாலும் தாமாகப் பொத்தான்களை இழுத்துப் பார்த்தன. ஆயுசுக்கும் அவர் எடுத்தது ஒரே ஒரு பேய்ப்படம். ஊரையே தூங்கவிடாமல் அடிக்கிறேன் என்று எடுத்தார். பேயாக வந்த பெண் சாப்பாடு சரியில்லை என்று இரண்டாம் நாளே கிளம்பிவிட, வேஷம் இவள் தலையில் விழுந்தது. மேக்கப்புக்கு ஆளில்லை, டப்பா டப்பாவாக முகப்பவுடரைக் கொட்டினார்கள். கடைசிக் காட்சியில், கழுத்தை நெரித்துப் போட்ட ஆள்மேல் குனிந்து முறைக்க வேண்டியவள், அடக்கமாட்டாமல் தும்மிவிட்டாள். செத்துக் கிடந்தது அவளுடைய சொந்த அண்ணன். எச்சில் தெறித்ததும் கையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி செத்துப்போனான். திருப்பி எடுக்க பிலிம் இல்லை. அப்படியே வெளியிட்டார்கள். வந்த சுவடு தெரியாமல் போனது படம்.

இப்போது யாரோ அதைத் தோண்டியெடுத்து இணையத்தில் ஏற்ற, மாதத்தில் ஒரு ஞாயிறு தியேட்டரில் போடும் பகல்காட்சிக்குச் சிரிக்கவென்றே கூட்டம் அலைமோதுகிறது.

“ஒருத்தர், ஒரே ஒருத்தர் பயந்தாப் போதும்னுதான் எடுத்தேன்.”

“தெரியும். கையை நீட்டுங்க.”

அரங்கில் பிள்ளைகள் முகமெல்லாம் பவுடர் பூசி வந்திருந்தார்கள். வசனங்களைப் பேய்க்கு முன்னால் அவர்களே சொன்னார்கள். தும்மல் வந்தபோது அரங்கமே சேர்ந்து தும்மியது. பிணம் துடைத்தபோது எல்லாரும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்து இருக்கைப் பெண் சிரித்துச் சிரித்து இவள் தோளிலேயே சாய்ந்து, “சாரி ஆன்ட்டி” என்றாள். அந்தப் பேய் தான்தான் என்று சொல்ல இவளுக்குத் தெம்பில்லை. முழங்கால் வலித்தது. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். திரையைப் பார்க்கவில்லை அவர். திரும்பி, வரிசை வரிசையாக முகங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து மேடைக்கு அழைத்தார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தம்பிகளா... இது பயப்படுறதுக்காக எடுத்த படம்.”

விசில் காதைப் பிளந்தது. “தலைவா, இதையும் படத்துல சேத்துருக்கலாம்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேலியில்லை, அத்தனை முகத்திலும் பாசம். அதுதான் அவரால் தாங்க முடியாதது என்று அவளுக்குப் புரிந்தது. வைதிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

கூட்டம் கலைந்தது. துப்புரவுக்காரர் வரிசைகளுக்கிடையே பவுடரைப் பெருக்க, வெள்ளையாகப் புழுதி எழும்பி அடங்கியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வாங்கினாரே தவிர, குடிக்கவில்லை.

“உண்மையச் சொல்லு. முதல்முதலா போட்டுப் பாத்தோமே, அன்னைக்கு... நீயாவது பயந்தியா?”