டைட்டஸ் என்று கூப்பிட வாய் வரவில்லை

டைட்டஸ் தூத்துக்குடிக்காரன். புனித பவுலின் தோழர் தீத்துவை நினைத்து அப்பா இராயப்பு வைத்த பெயர். 2006இல் டிரெஸ்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சேர்ந்தபோது, ஜெர்மானியர்கள் அதைத் தடுமாறாமல் சொன்னார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆய்வகத்தில் மிரியம் பழக்கமானாள். உக்ரைனின் ஒடெசாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண். கல்யாணம் என்று முடிவானதும் தன் அப்பா போரிஸ் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனாள். பெயரைக் கேட்டதும் போரிஸ் நீட்டிய கை தயங்கியது.

"எருசலேமில் எங்கள் ஆலயத்தை அழித்த ரோமானியத் தளபதியின் பெயர் அது."

"ரோமில் தெருவுக்குப் பத்து டைட்டஸ் இருந்தார்கள். அதே பெயரில் ஆயர் ஒருவர் இருந்தார். ஹாலந்து ஓவியர் ஒருவர் மகனுக்கு வைத்திருக்கிறார். இங்கேயே பிள்ளைகளுக்கு வைக்கிறார்களே!" என்றான் டைட்டஸ்.

"தெரியும். நீ நல்லவன். பெயருக்கு நீ பொறுப்பில்லை. ஆனால் நாஜிகள் யூதர்களைக் கொன்ற போருக்குப் பிறகு, என் அம்மா வீட்டில் அம்மாவைத் தவிர ஒருவர்கூட மிஞ்சவில்லை. என் ஒரே மகளின் கணவனை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வராது. வேறு பெயர் இல்லையா?"

மிரியம் முந்திக்கொண்டாள். "இருக்கிறது. இராயப்பு. கடவுச்சீட்டில் அதுதான் குடும்பப் பெயர்."

அது இயேசுவின் சீடர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் பெயர் என்று சொல்ல டைட்டஸ் வாயெடுத்தான். மேசைக்கடியில் அவள் அவன் முழங்காலை அழுத்தினாள். போரிஸ் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகச் சூப்பை ஊற்றினார்.

அந்த வீட்டில் அவன் இராயப்பு ஆனான். பிறகு அவள் தோழிகளிடமும். ஒரு நாள் எல்பே ஆற்றங்கரையில் மிரியம் சைக்கிளை நிறுத்தி, "இராயப்பு, தண்ணீர் கொடு" என்றாள். பக்கத்தில் யாருமே இல்லை.

"தனியாக இருக்கும்போதாவது என் பெயரைச் சொல்லேன்."

"அப்பா முன்னால் தவறி வந்துவிட்டால்?"

"இராயப்பு என் அப்பா பெயர், மிரியம்."

"எனக்காக இதுகூட முடியாதா?"

"உனக்காக நான் என் பெயரையே விட்டுவிட்டேன். எனக்காக ஒரு தடவை சொல்ல உன்னால் முடியவில்லை."

அவன் கொடுத்த தண்ணீரை அவள் குடிக்காமல் பாட்டிலை மூடினாள். குளிர்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அப்பா ஃபோனில் கேட்டார். "கல்யாணம் என்னல ஆச்சு?"

"நடக்காதுப்பா."

"ஏம்ல?"

தான் வைத்த பெயர்தான் காரணம் என்று தெரிந்தால் அவர் உடைந்துபோவார்.

"நான் கறுப்புன்னு அவங்க அப்பாவுக்குப் பிடிக்கலப்பா."

அப்பா அந்த மனிதரை, அவர் இனத்தையே சேர்த்துத் திட்டித் தீர்த்தார். டைட்டஸ் கடைசிவரை கேட்டுவிட்டு ஃபோனை வைத்தான்.