பாலத்தின் மேல் போகும் வழி

சாப்பிடப் போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் அவள் அந்த வழியைக் கேட்டாள். ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் குடியிருப்பு வரை. மென்பொருள் ஒரு கணம் யோசித்து நீலக் கோடு ஒன்றைப் போட்டது. கோடு சந்தைத் தெருவில் இறங்கி, ஆற்றோரமாகத் திரும்பி, பழைய பாலத்தின் மேல் ஏறி அக்கரைக்குப் போனது. அவள் எடுத்த டிபன் பாக்ஸைத் திரும்ப வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பழைய பாலத்தை நேற்று மாலையே மூடியாகிவிட்டது. மழை விடாமல் பெய்து, ஆற்றின் நடுவில் நிற்கும் தூண் ஒன்று கீழே இறங்கிவிட்டதாகப் பொறியாளர் சொல்லியிருந்தார். பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். மேலே தார் அப்படியே இருக்கிறதாம். வரைபடத்தில் அதை மூடியது அவள்தான். இப்போதும் திரையில் பாலத்தின் குறுக்கே சிவப்புப் பெருக்கல் குறி பளிச்சென்று இருந்தது. நீலக் கோடு அந்தச் சிவப்புக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது.

வரைபடத்தில் சாலைகள் வெறும் கோடுகள்தான். எந்தக் கோடு எதோடு சேர்கிறது, எதில் போகலாம், எதில் கூடாது என்பதையெல்லாம் மென்பொருள் தனியாக ஒரு வலையாகக் கட்டி வைத்துக்கொள்ளும். கோட்டில் மாற்றம் செய்தால் வலையை மறுபடி கட்ட வேண்டும். கட்டாதவரை படம் ஒன்று சொல்லும், வழி வேறொன்று சொல்லும். ஆள் உட்கார்ந்து கட்டத் தேவையில்லாமல், விடியும் முன் தானாக ஓடி அந்த வேலையைச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. எழுதியவனை ஆபீசில் எல்லோரும் புயல் என்பார்கள். எதையும் சீக்கிரம் முடித்துவிடுவான்; சீக்கிரமே வேறு கம்பெனிக்கும் போய்விட்டான். ஸ்கிரிப்ட் மட்டும் தினமும் ஓடி, முடிவில் பச்சை எழுத்தில் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று எழுதிக்கொண்டிருந்தது. இன்று காலையும் எழுதியிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் அவள் காபி குடிக்கப் போயிருந்தாள்.

முதலில் அழைப்பு மேசைக்குப் போனாள். அங்கே இருந்த பெண்ணுக்குக் கடும் ஜலதோஷம். ஒரு காதில் ஹெட்போனும் மறு கையில் கைக்குட்டையுமாக இருந்தாள்.

“பழைய பாலம் மூடியிருக்குன்னு எல்லா வண்டிக்கும் சொல்லிடு. மேப் இன்னும் அது வழியாத்தான் காட்டுது.”

“அய்யய்யோ. சொல்லிடறேன்க்கா. ஆனா இப்ப ஷிப்டு மாறுற நேரம். புதுசா ஏறுறவங்க வண்டில இருக்கற டேப்ல என்ன காட்டுதோ அதுலதானே போவாங்க?”

புதிதாக ஏறுகிறவர்களில் அவளுடைய கொழுந்தனும் ஒருவன். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். “எங்க அண்ணி போட்ட ரோட்டுல நான் கண்ண மூடிக்கிட்டுப் போவேன்” என்று சாப்பாட்டு மேசையில் சொல்லி அண்ணனிடம் திட்டு வாங்குவான். அவனுடைய செல்போனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் அணைத்து வைக்கச் சொல்லி சுற்றறிக்கை அனுப்பியதும் இந்த ஆபீஸ்தான்.

அதிகாரியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். எதைச் சொன்னாலும் “சரி சரி” என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“பச்சைல வந்துருச்சுல்ல?”

“வந்துருச்சு சார். ஆனா கட்டல.”

“கட்டலன்னா எப்படிம்மா பச்சைல வரும்?”

அதைத்தான் அவளும் கேட்டுக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

தரவின் ஒரு நகலைத் தன் கணினியில் எடுத்துக் கையால் கட்டிப் பார்த்தாள். கட்டியது. வழி கேட்டதும் நீலக் கோடு பாலத்தைத் தொடாமல், வடக்கே சுற்றி, மேட்டுச் சாலைப் பாலத்தின் வழியாக அக்கரைக்குப் போனது. ஆக, தரவில் தவறு இல்லை. அடுத்து ஸ்கிரிப்டை ஓட்டினாள். அது கடகடவென்று வரிகளை எழுதிக்கொண்டே போய், பச்சையில் முடிந்தது. வழி கேட்டாள். பழைய பாலம். ஸ்கிரிப்ட் ஓடும் கணக்குக்கு அனுமதி இல்லையோ என்று பார்த்தாள், இருந்தது. உரிமம் காலாவதியாகிவிட்டதோ என்று பார்த்தாள், இல்லை. ஜன்னலுக்கு வெளியே மதியமே மாலைபோல் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் போன வண்டிகள் எல்லாம் விளக்கைப் போட்டிருந்தன.

கடைசியில் ஸ்கிரிப்டையே திறந்து வரி வரியாகப் படித்தாள். புயலின் எழுத்து அவனைப் போலவே இருந்தது. மூச்சு விடாமல் ஓடியது; எங்கும் ஒரு விளக்கம் கிடையாது. வலையைக் கட்டும் இடத்துக்கு வந்ததும் நின்றாள். ‘கட்டு. பிழை வந்தால் விட்டுவிடு. அடுத்ததற்குப் போ.’ அவ்வளவுதான். கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது கடைசிவரை போய் வெற்றி என்று எழுதும்.

புயலுக்குப் போன் செய்தாள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அதுவாக்கா? தினமும் விடியக்காலைல எதாவது ஒரு எர்ரர் வந்து என்னை எழுப்பி விட்டுட்டே இருந்துச்சு. பெரிசா ஒண்ணும் இருக்காது. அதான் அப்படிப் போட்டேன்.”

“எத்தன நாளா அப்படி இருக்கு?”

“நான் கெளம்பறதுக்கு முன்னாடியே போட்டதுதானே. ஏன்க்கா, எதாவது பிரச்சினையா?”

அவள் போனை வைத்துவிட்டாள். அவன் போய் மழைக்காலம் ஒன்று முழுதாகக் கழிந்திருந்தது. அதற்குள் எத்தனை தெரு ஒருவழியானது, எத்தனை புதுச் சாலை வந்தது, எத்தனை காலைகளில் அந்தப் பச்சை உண்மை, எத்தனை காலைகளில் பொய் என்று யாருக்குத் தெரியும்? அதை இப்போது யோசித்தால் கை ஓடாது. அந்த வரியை அழித்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டினாள். இந்தமுறை பாதியிலேயே நின்று சிவப்பில் ஒரு வாக்கியம் வந்தது. தரவை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், பூட்ட முடியவில்லை.

வலையைக் கட்டும்போது வேறு யாரும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அவள் அறை அறையாகப் போனாள். “மேப் தெறந்திருக்கறவங்க எல்லாம் மூடுங்க, உடனே மூடுங்க.” கணக்குப் பிரிவில் ஒருவர் மூடினார். திட்டப் பிரிவில் இருவர் மூடினார்கள். ஒருவர் ஏன் என்று கேட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் மூடினார். திரும்ப வந்து ஓட்டினாள். அதே சிவப்பு. யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள். நடுவறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். யார் திரையிலும் வரைபடம் இல்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலின் கதவிடுக்கில் நீல வெளிச்சம் அசைந்தது.

ஹாலின் சுவர் முழுக்க ஒரு திரை இருந்தது. நேற்றுதான், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, ஊர் முழுவதையும் அதில் போட்டு வைத்தார்கள். தெருக்களின் மேல் ஆம்புலன்ஸ்கள் புள்ளிகளாக நகர்ந்துகொண்டிருந்தன. விருந்தினர்கள் கையில் பிஸ்கட் தட்டோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரிசரி ஒரு குச்சியால் எதையோ காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

“சார், இத நிறுத்தணும். இதுதான் பூட்டிட்டு இருக்கு.”

“இப்பவா? கொஞ்ச நேரம் பொறும்மா. பேசிட்டிருக்கேன்ல.”

“பாலத்து மேல வண்டி போகும் சார்.”

“தடுப்பு வச்சிருப்பாங்கம்மா. நீ போ, சரி சரி.”

அவள் போகவில்லை. திரைக்குக் கீழே மேசைமேல் இருந்த கணினியிடம் போனாள். குனிந்து, எந்த அனுமதியும் கேட்காமல் வரைபடத்தை மூடினாள். சுவர் மொத்தமும் கறுத்துவிட்டது. ஒரு பெண்மணி “அடடா” என்றார். சரிசரி சிரிப்பு மாறாமல், “மழைல்ல, அப்பப்ப இப்படித்தான்,” என்று விருந்தினர்களிடம் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்தபடி அவளைப் பின்தொடர்ந்து வந்தார்.

அவர் மேசைக்கு வந்து சேர்வதற்குள் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியிருந்தது. அவர் திட்டத் தொடங்கினார். அவள் காதில் எதுவும் விழவில்லை. வரிகள் மெதுவாக, வழக்கத்தைவிட மிக மெதுவாக ஏறின. இத்தனை நாளும் அது ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பச்சை வந்தது. அவள் அதை நம்பாமல் வழி கேட்டாள். நீலக் கோடு வடக்கே சுற்றிப் போனது.

“ஆச்சா? அவ்வளவுதானே?” என்றார் சரிசரி. “இதுக்குப் போயி...”

அவள் திரையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை எழுத்துக்குப் பின்னும் ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. கட்டி முடித்த வலையை எடுத்து எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. முகவரி அந்த ஆபீசினுடையது அல்ல.

“சார், நம்ம நெட்வொர்க்க வேற யாருக்கு அனுப்பறோம்?”

அவர் குரல் இறங்கிவிட்டது. “அது... மில்லுக்கு ஆள் ஏத்திட்டுப் போற பஸ்ஸுக்காரங்க. கேட்டாங்க. நல்ல விஷயந்தானேன்னு குடுக்கச் சொன்னேன்.”

“அவங்க எப்ப எடுத்துக்குவாங்க?”

“காலைல ஒரு தடவ.”

காலையில் போனது பழைய வலை. பஸ் வழக்கமாகப் பெரிய சாலையில்தான் போகும். ஆனால் பெரிய சாலையில் சுரங்கப்பாதை நிறையத் தண்ணீர் நிற்பதை அவர்களும் தங்கள் மென்பொருளில் குறித்திருப்பார்கள். அந்த வழி அடைபட்டால் மென்பொருள் அடுத்த வழியைத் தேடும். அடுத்த வழி எதுவென்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

சரிசரியே போனை எடுத்து பஸ் ஆபீசுக்கு அடித்தார். அங்கே எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். வண்டி கிளம்பிவிட்டது. டிரைவருக்குப் போன் செய்ய முடியாது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்பது விதி. “நிறுத்துனதும் சொல்றேன் சார்.”

அப்போது அழைப்பு மேசையிலிருந்து குரல் வந்தது. “அக்கா! இங்க வாங்கக்கா!”

வயர்லெஸ்ஸில் கொழுந்தன். மழையின் இரைச்சலுக்குள் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது.

“...மூச்சுத்திணறல் கேஸுக்குப் போறேன். பாலத்துக்கிட்ட தடுப்பு வச்சிருக்காங்க. டேப்பு இது வழியாத்தான் போகச் சொல்லுது. இப்பத்தான் மாறுது. சுத்திப் போகட்டுமா?”

அவள் மைக்கை எடுத்தாள். “தம்பி, நீங்க பாலத்து மேல இல்லயே?”

“இல்ல அண்ணி, முன்னாடிதான் நிக்கறேன். நான் சுத்திக்கறேன்.” பிறகு, “அண்ணி, அந்தப் பக்கம் தடுப்பு வைக்கலயா?”

“ஏன்?”

“ஒரு பஸ்ஸு ஏறுது.”

ஆற்றின் அக்கரை வேறு நெடுஞ்சாலைக் கோட்டம். தடுப்பு வைப்பது அவர்கள் வேலை. யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“லைட்டப் போடுங்க. சைரன் போடுங்க. நிறுத்துங்க அத,” என்றாள் அவள். சைரன் அந்த அறைக்குள்ளேயே ஊளையிட்டது. ஜலதோஷக்காரப் பெண் அவளைக் கேட்கவில்லை, சரிசரியையும் கேட்கவில்லை; மூச்சுத்திணறல்காரருக்கு வேறு நிலையத்திலிருந்து வண்டியை அனுப்பினாள். அது தூரத்து நிலையம். அனுப்பிவிட்டு, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நின்னுருச்சு அண்ணி. நடுவுல நிக்குது.”

“ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு!” என்று கத்தினார் சரிசரி.

அவள் அதற்குள் பொறியாளரை செல்போனில் பிடித்திருந்தாள். பஸ் எங்கே நிற்கிறது என்று பொறியாளர் கேட்டார். பிறகு, “வண்டிய அசைக்காதீங்க. எந்தப் பக்கமும். ஆளுங்கள மட்டும் எறக்குங்க. கூட்டமா வர வேணாம், ஒவ்வொருத்தரா,” என்றார்.

அவள் அதைச் சொன்னாள். கொழுந்தன் வண்டியின் ஒலிபெருக்கியில் அதையே சொல்வது வயர்லெஸ் வழியாகக் கேட்டது. “எறங்கி வாங்க... ஓடாதீங்க... ஒவ்வொருத்தரா வாங்க...” வீட்டில் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறவன். அந்தக் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. சைரனை நிறுத்திவிட்டான். அது நின்றபின் ஆற்றின் சத்தம் கேட்டது. மழை என்று இதுவரை அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஆறு.

அழைப்பு மேசையில் இன்னொரு விளக்கு எரிந்தது. அந்தப் பெண் எடுத்து, “வந்துட்டிருக்கும்மா, வண்டி வந்துட்டிருக்கு,” என்றாள்.

“எத்தன பேர் வந்துட்டாங்க?” என்று கேட்டார் சரிசரி. அவர் டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

“ஷிப்டு முடிஞ்ச பஸ்ஸு சார். நின்னுக்கிட்டு எல்லாம் வந்திருக்காங்க. உள்ள நெறய பேர் இருக்காங்க.” அவன் மூச்சு வாங்கினான். “மெதுவா எறங்கறாங்க அண்ணி. அவங்களுக்குப் புரியல. ரோடு நல்லாத்தானே இருக்குன்னு பாக்கறாங்க.”

“ஏன் தம்பி மெதுவா? என்ன பண்றாங்க?”

“படியில நின்னு குடைய விரிக்கறாங்க.”

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். குடை வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். அவன் சொல்வது கேட்டது, ஒருமுறை, இன்னொருமுறை. அதற்குமேல் ஆறு மட்டும் கேட்டது. பிறகு ஒலிபெருக்கியை விட்டுவிட்டு, அவளுக்கு மட்டும் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னான்:

“இன்னொரு குடை விரியுது அண்ணி.”